ஆலையில் ஆன்லைன் பயிற்சி: எந்த மென்பொருளை வாங்குவது?

கேள்வி, 3 ஜூன் 2024

கோவையில பம்ப் தயாரிக்கிற கம்பெனிங்க. நிரந்தரம், கான்ட்ராக்ட் எல்லாம் சேர்த்து 400 பேர். பாதுகாப்புப் பயிற்சி, புது ஆளுக்கான இண்டக்‌ஷன், தரம் பத்தின பாடம் எல்லாத்தையும் ஆன்லைனுக்குக் கொண்டுவரச் சொல்றாங்க. பாடம் தயாரிக்கவும், ஆளுகளுக்கு அனுப்பவும், யார் முடிச்சாங்கன்னு பார்க்கவும் ஒரே மென்பொருளா இருந்தா சௌகரியம். மூணு கம்பெனி டெமோ காட்டிட்டாங்க. மூணும் ஒண்ணு மாதிரியே தெரியுது. எதை எடுக்கலாம்?

3 ஜூன், இரவு 9.20

மூன்று பேரும் டெமோவில் காட்டியது ஒரே காட்சி, அதனால்தான் ஒன்றுபோல இருக்கிறது. வெறும் திரையில் புதுப் பாடம் பத்து நிமிடத்தில் எழும்பி நிற்கும். அதே பாடத்தை ஆறு மாதம் கழித்து வேறொருவர் திறந்து ஒரு வரியை மாற்றுவதை யாரும் காட்டியிருக்க மாட்டார்கள்.

நான் சென்னையில் ஒரு இ-லேர்னிங் கம்பெனியில் எட்டு வருடம் பாடம் செய்து கொடுத்தவன். இப்போது ஒரகடம் பக்கம் வண்டி உதிரிபாக ஆலையில் பயிற்சிப் பிரிவில் இருக்கிறேன். விற்கிற பக்கமும் வாங்குகிற பக்கமும் இருந்து பார்த்துவிட்டேன்.

நீங்கள் கேட்பது இரண்டு வேலை. பாடம் செய்வது ஒன்று. ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன், அடோபி கேப்டிவேட், ஐஸ்பிரிங் எல்லாம் அதற்கானவை. பாடத்தை ஆட்களிடம் சேர்த்து, யார், எப்போது, எத்தனை மதிப்பெண் என்று பதிவு வைப்பது இன்னொன்று. அதைத்தான் எல்எம்எஸ் என்கிறோம். இரண்டுக்கும் நடுவே போகிற பார்சலுக்குப் பெயர் ஸ்கார்ம். ஒரு ஜிப் கோப்பு, உள்ளே பாடம், கூடவே எல்எம்எஸ்ஸோடு பேசுவதற்கான விதிமுறை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஏடிஎல் திட்டத்தில் உருவானது. அந்த விதிப்படி செய்த பாடம் எந்தக் கம்பெனியின் எல்எம்எஸ்ஸிலும் ஓட வேண்டும். ஆகவே இரண்டையும் தனித்தனியாக வாங்குங்கள். ஒன்று பிடிக்காமல் போனால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

அனுப்புவதற்கு மூடில் என்கிற எல்எம்எஸ்ஸைப் போடுங்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து மார்ட்டின் டூகியாமாஸ் 2002-ல் வெளியிட்டது. லைசன்ஸ் காசு கிடையாது. பாடம் செய்ய ஸ்டோரிலைன். ஏற்றுமதி செய்யும்போது ஸ்கார்ம் 2004 என்று தேர்ந்தெடுங்கள், புதியது. முடிந்தது வேலை.

3 ஜூன், இரவு 11.05

'முடிந்தது வேலை' என்று எழுதிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. முக்கியமானதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

நான் இந்த ஆலைக்கு வந்தபோது பிரஸ் ஷாப்புக்கு ஒரு பாடம் ஏற்கெனவே இருந்தது. வெளியே காசு கொடுத்துச் செய்தது. பிரஸ்ஸில் பொருத்துகிற அச்சை, அதாவது டையை, மாற்றுவது எப்படி என்று 22 ஸ்லைடு, நல்ல அனிமேஷன், கணீரென்ற குரல். நாலாவது ஸ்லைடில் 'மோட்டாரை நிறுத்தவும், பிறகு கார்டைத் திறக்கவும்' என்று வரும். கார்டு என்பது கை உள்ளே போகாமல் தடுக்கும் மூடி. மெக்கானிக்கல் பிரஸ்ஸில் மோட்டாரை நிறுத்தினாலும் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் உடனே நிற்காது, சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அந்த நேரத்தில் கிளட்ச் பிடித்துவிட்டால், மேலிருந்து அழுத்துகிற பாகமான ராம் இறங்கும். ஒரு நாள் ஒருவருடைய கையுறை மட்டும் மாட்டியது, விரல் தப்பியது. அன்றே எஸ்ஓபி, அதாவது வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதி வைத்த தாள், மாறியது: ஃப்ளைவீல் முழுதாக நிற்கும் வரை காத்திரு, ராமுக்கு அடியில் சேஃப்டி பிளாக் வை, மெயினைப் பூட்டு, சாவியை உன் பாக்கெட்டில் போடு, பிறகு கார்டைத் திற.

தாளில் அரை மணி நேரத்தில் மாற்றிவிட்டோம். பாடத்தில் மாற்ற முடியவில்லை. எங்கள் கையில் இருந்தது ஜிப் மட்டும். செய்து கொடுத்தவர்களிடம் மூலக் கோப்பைக் கேட்டால், செய்த பையன் வேலையை விட்டுப் போய்விட்டான், அவன் லேப்டாப்பில் இருந்தது, இப்போது இல்லை, புதிதாகச் செய்ய கொட்டேஷன் அனுப்புகிறோம் என்றார்கள். ஸ்கார்ம் ஜிப் என்பது சுட்ட செங்கல். அதைத் திரும்பக் களிமண்ணாக்க முடியாது.

ஏழு வாரம் அந்தக் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஏ4 தாள் ஒட்டியிருந்தோம்: '4-வது ஸ்லைடு தவறு. கீழே உள்ளதைப் படிக்கவும்.' தப்பைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே மறுப்பு. அந்தத் தாளை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஆகவே நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பாடத்தைத் திருத்தப் போகிற கை யாருடையது? அந்த ஆளுக்குக் கைவருகிற மென்பொருளை வாங்குங்கள். வெளியே செய்யக் கொடுத்தால், மூலக் கோப்பு, எழுத்துரு, குரல் பதிவு எல்லாம் எங்களுக்கே சொந்தம், கடைசித் தவணைக்கு முன் ஒப்படைக்க வேண்டும் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதுங்கள். வாங்கியதும் உங்கள் கம்ப்யூட்டரில் திறந்து, ஒரு வரியை மாற்றி, மறுபடி ஜிப் எடுத்துப் பார்த்த பிறகு பில்லைப் பாஸ் செய்யுங்கள்.

4 ஜூன்

எல்லாரும் தேர்தல் முடிவு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நான் நேற்று எழுதியதைத் திருத்த வந்திருக்கிறேன். மூடிலையும் ஸ்கார்ம் 2004-ஐயும் ஒரே மூச்சில் சொன்னது தவறு. மூடில் ஒழுங்காக ஆதரிப்பது ஸ்கார்ம் 1.2-ஐத்தான். மூடில் என்றால் 1.2-ல் ஏற்றுமதி செய்யுங்கள்.

வித்தியாசம் வெறும் எண்ணில் இல்லை. 1.2-ல் நிலையைச் சொல்ல ஒரே ஒரு கட்டம்தான் உண்டு. 'முடித்தார்' என்பதும் 'தேர்ச்சி பெற்றார்' என்பதும் அந்த ஒரே கட்டத்துக்குள் அடித்துக்கொள்ளும். 2004-ல் அவை இரண்டு கட்டங்களாகப் பிரிந்தன. 1.2-ல் பாடம் செய்தால் எதை அனுப்புவது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். கடைசியில் தேர்வு உள்ள பாடத்துக்கு நான் தேர்ச்சி, தோல்வி மட்டும் அனுப்புகிறேன்.

7 ஜூன்

பாடம் தமிழில்தானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம், அங்கேதான் பெரிய பள்ளம் இருக்கிறது.

உங்கள் ஆலையில் பழைய எஸ்ஓபி எல்லாம் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்ததாக இருக்கும். அதை நகலெடுத்துப் புது மென்பொருளில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டும். முதலில் அத்தனையையும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். என்எச்எம் கன்வர்ட்டர் இதற்குப் போதும். மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து வரிவரியாகப் படிக்க வேண்டும். எங்களுக்கு ஒரு வாரம் பிடித்தது.

அடுத்தது இதைவிட மோசம். நாங்கள் வாங்கவிருந்த ஒரு மென்பொருளில் எடிட்டரில் தமிழ் அழகாகத் தெரிந்தது. பப்ளிஷ் செய்து போனில் திறந்தால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது, துணைக்கால் தனியே ஒரு புள்ளி வட்டத்தோடு தொங்கியது. 'தொடாதே' என்று சிவப்பில் பெரிதாக எழுதியிருந்தோம், தொட வேண்டுமா கூடாதா என்று ஒருவருக்கும் புரியாது. தமிழில் கொம்பை எழுத்துக்குப் பின் சேமித்து, காட்டும்போது முன்னே கொண்டுவர வேண்டும். அந்த இடமாற்றத்தைச் செய்யாமல் எழுத்துகளைப் படமாக மாற்றுகிற மென்பொருள் இப்படித்தான் உடைக்கும். சான்றிதழில் அதே கதை. பிடிஎஃப் செய்கிற பகுதிக்குத் தனியாக இந்த அறிவு வேண்டும். பாடம் முழுக்க ஒழுங்காக இருந்து, கடைசியில் ஆளுடைய பெயர் மட்டும் உடைந்து அச்சாகும். சட்டம் போட்டு வீட்டில் மாட்டலாம் என்று வாங்கிப் போனவர் மறுநாள் திருப்பிக் கொண்டுவந்து, 'இது நான் இல்லீங்க சார்' என்றார்.

அன்றிலிருந்து என்னிடம் ஒரு வரி இருக்கிறது. யார் டெமோ காட்டினாலும் அதைத்தான் அடிக்கச் சொல்வேன்: 'கொதிநீர்க் குழாயைத் தொடாதே: கௌரி, ஸ்ரீதர், லக்ஷ்மி, கோவிந்தன்.' பாடத்தில், பொத்தானில், கேள்வியில், சான்றிதழில், எக்செல் அறிக்கையில் என ஐந்து இடத்திலும் இந்த வரி பிழையில்லாமல் வந்தால்தான் மேலே பேச்சு. எடுத்துக்கொள்ளுங்கள்.

8 ஜூன்

சேர்க்க மறந்தது. 'ஸ்ரீ' யூனிகோடில் இரண்டு விதமாக எழுதப்படுகிறது, ஸகரம் போட்டும் ஶகரம் போட்டும். கண்ணுக்கு ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. ஸ்ரீதரை ஒருவிதமாகப் பதிந்து இன்னொரு விதமாகத் தேடினால் ஆளே இல்லை என்னும். பெயரை நம்பாதீர்கள், ஆலையில் ஒவ்வொரு ஆளுக்கும் கொடுக்கிற டோக்கன் நம்பரை வைத்துத் தேடுங்கள்.

12 ஜூன்

டோக்கன் நம்பர் என்றதும் லாகின் ஞாபகம் வந்தது. பெரும்பாலான மென்பொருள்கள் எல்லாருக்கும் மெயில் ஐடி இருக்கிறது என்ற எண்ணத்தில் செய்யப்பட்டவை. ஷாப் ஃப்ளோரில் பாதிப் பேருக்கு இல்லை. இருந்தாலும் போன் வாங்கிய கடைக்காரப் பையன் போட்டுக்கொடுத்தது, பாஸ்வேர்டு அவனுக்குத்தான் தெரியும். டோக்கன் நம்பரையே பயனர் பெயராக ஏற்குமா என்று கேளுங்கள். மூடில் ஏற்கும், மொத்தப் பட்டியலையும் சிஎஸ்வி கோப்பாக ஒரே தடவையில் ஏற்றிவிடலாம்.

எஸ்எம்எஸ் ஓடிபி என்று விற்பனைக்காரர் சொல்வார். நம் நாட்டில் அதற்குத் தொலைத்தொடர்பு ஆணையமான டிராயின் விதிப்படி டிஎல்டி என்ற பதிவேட்டில் கம்பெனியையும் அனுப்பும் பெயரையும் வாசகத்தையும் பதிந்திருக்க வேண்டும். யார் பதிவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். தமிழில் அனுப்பினால் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 எழுத்துதான், ஆங்கிலத்தில் 160. அந்த 70-லும் கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றும் தனி எண்ணிக்கை. எங்கள் முதல் வாசகம் மூன்று எஸ்எம்எஸ் ஆகி மூன்று மடங்கு காசு போனது.

இன்னொரு காசு விஷயம். 'ஒரு ஆளுக்கு இவ்வளவு' என்பார்கள். பெயர் பதிந்த ஆளா, அந்த மாதம் உள்ளே வந்த ஆளா? எங்கள் ஆலையில் எந்த நாளில் எண்ணினாலும் 600 பேர்தான். ஆனால் கான்ட்ராக்ட் ஆட்கள் வந்து போவதால் ஒரு வருடத்தில் ஆயிரத்துக்கு மேல் பெயர் பதிகிறோம். விலகியவர் பெயரை முடக்கினால் அந்த இடம் இன்னொருவருக்குக் கிடைக்குமா, முடக்கியவருடைய பழைய பதிவு அழியாமல் இருக்குமா, இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

19 ஜூன்

இன்று எழுதப் போவது ஒரு மனிதரிடம் நான் கேட்க வேண்டியிருந்த மன்னிப்பு.

இண்டக்‌ஷன் பாடம் 70 ஸ்லைடு. ஹீட் ட்ரீட்மென்ட்டில் புதிதாகச் சேர்ந்த ஒருவர், நாற்பது வயதிருக்கும், பாதியில் ஷிப்ட் மணி அடித்ததால் 52-வது ஸ்லைடில் மூடிவிட்டுப் போனார். மறுநாள் திறந்தால் 38-ல் நின்றது. மறுபடி 50 வரை போனார், மூடினார். அடுத்த நாளும் 38. மூன்றாவது நாள் என்னிடம் வந்தார். நான் பதிவைத் திறந்து பார்த்து, 'அண்ணே, நீங்க 38 வரைக்கும்தான் பார்த்திருக்கீங்க, இதோ இருக்கே' என்றேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். 'பொய் சொல்லலை சார்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் மறுபடி உட்கார்ந்தார்.

அதே வாரம் இன்னும் நாலு பேருக்கு அதே 38. அப்போதுதான் தோண்டினேன். ஸ்கார்ம் 1.2-ல் 'எங்கே விட்டேன்' என்பதை எழுதி வைக்க 4096 எழுத்துக்குத்தான் இடம். எங்கள் பாடம் ஒவ்வொரு ஸ்லைடிலும் எந்தப் பொத்தானை அழுத்தினார், எந்தப் படத்தைத் திறந்தார் என்று எல்லாவற்றையும் அதற்குள் எழுதிக்கொண்டே போயிருக்கிறது. 38-ல் இடம் நிரம்பிவிட்டது. அதற்குப் பிறகு சேமிப்பது தோற்றது, திரையில் ஒரு எச்சரிக்கையும் வரவில்லை. மனிதர் 52 வரை பார்த்தது நிஜம். பதிவு சொன்னதுதான் பொய்.

கேண்டீனில் அவரைத் தேடிப் போய் எல்லார் முன்னாலும் சொன்னேன். 'விடுங்க சார், டீ சாப்பிடுங்க' என்றார். பாடத்தை 14 ஸ்லைடு வீதம் ஐந்தாக உடைத்தோம். ஒன்று முடிக்கப் பத்து நிமிடம் ஆகிறது. ஷிப்டுக்கு நடுவே பார்க்க அதுவே நல்ல அளவு.

டெமோவில் இதையும் சோதியுங்கள். உங்களுடைய மிக நீளமான பாடத்தைக் கொடுங்கள், கடைசிக்கு இரண்டு ஸ்லைடு முன்னால் வெளியேறும் பொத்தானைத் தொடாமல் ஜன்னலைச் சட்டென்று மூடுங்கள், வேறு போனில் திறந்து பாருங்கள்.

20 ஜூன்

நேற்றைய குறிப்பைப் படித்த ஒருவர், மூடிலில் இதற்கு வழி உண்டே என்று எழுதியிருக்கிறார். உண்மை. ஸ்கார்ம் அமைப்புகளில் விதிமுறைப்படிதான் நடக்க வேண்டுமா என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதை அணைத்தால் 4096-க்கு மேலும் சேமிக்க விடும். எங்களுடையது அப்போது வேறு எல்எம்எஸ். வழி இருந்தாலும் 70 ஸ்லைடுப் பாடத்தை உடைப்பதே மேல் என்பது என் கருத்து.

2 ஜூலை

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: பாடம் எழுதப் போவது சேஃப்டி ஆபீஸரும் இரண்டு சூப்பர்வைசரும், மூவருக்கும் பவர்பாயிண்ட் மட்டும் தெரியும்.

அப்படியென்றால் என் முதல் குறிப்பில் ஸ்டோரிலைன் என்றதை உங்களுக்காகத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அது நல்ல கருவிதான், எட்டு வருடம் என் கை பழகியது. ஆனால் விண்டோஸில் மட்டும் ஓடும், வருடச் சந்தா, லேயர், ட்ரிக்கர், வேரியபிள் என்று கற்க ஒரு மாதமாவது வேண்டும். இரண்டு மாதம் தொடாமல் இருந்தால் மறந்தும் போகும். சந்தா முடிந்தால் மூலக் கோப்பு உங்களிடம் இருந்தும் திறக்க மென்பொருள் இருக்காது. அதே குடும்பத்து ரைஸ் சுலபம், பிரவுசரில் தட்டினால் போதும். ஆனால் மூலம் அவர்களுடைய சர்வரில் இருக்கும், கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ள முடியாது. நான் அன்று ஏ4 தாள் ஒட்டியவன். என் மூலம் என் கையில் இல்லாத எதிலும் பிரஸ் ஷாப் பாடத்தை வைக்க மாட்டேன்.

பவர்பாயிண்ட் தெரிந்தவர்களுக்கு ஐஸ்பிரிங் பொருந்தும். பவர்பாயிண்டுக்குள்ளேயே ஒரு டேப்பாக உட்கார்ந்துகொள்ளும், ஸ்லைடைத் திருத்தி பப்ளிஷ் செய்தால் ஸ்கார்ம் ஜிப். லைசன்ஸ் ஒன்று போதும், திருத்துவது மூவரும், ஜிப் எடுப்பது ஒருவர்.

இரண்டும் தனித்தனி மென்பொருள்தான் என்று அடித்துச் சொன்னேனே, அதையும் கொஞ்சம் தளர்த்துகிறேன். எச்5பி என்று நார்வேக்காரர்கள் செய்த திறந்த மூல நிரல் ஒன்று இருக்கிறது. மூடில் 3.9 பதிப்பிலிருந்து, அதாவது 2020-லிருந்து, உள்ளேயே பாடம் செய்துகொள்ளும்படி சேர்ந்துவிட்டது. வீடியோவை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பது, படத்தில் சரியான இடத்தைத் தொடச் சொல்வது போன்றவற்றை அங்கேயே செய்து, கோப்பாக இறக்கியும் வைத்துக்கொள்ளலாம். இப்போது எங்கள் பாடங்களில் பாதி இப்படித்தான். மெஷின் படத்தைப் போட்டு 'எமர்ஜென்சி ஸ்டாப் எங்கே?' என்று கேட்பதற்கு ஸ்டோரிலைன் தேவையில்லை.

15 ஜூலை

மூடில் இலவசம் என்றேன். லைசன்ஸ்தான் இலவசம். சர்வர் வாடகை, தினசரி பேக்கப், பதிப்பு மாற்றம், அதற்கேற்ற பிஎச்பி பதிப்பு, பாதுகாப்பு ஒட்டு இதெல்லாம் ஒருவர் செய்ய வேண்டும். எங்களிடம் ஐடி தம்பி ஒருவர் ஆசையாகச் செய்தார். ஆசையில் மூடிலோடு சேர்க்கிற துணை நிரல்கள், அதாவது பிளக்இன், பதினேழு போட்டார். அவர் வேறு வேலைக்குப் போன பிறகு அடுத்த பதிப்புக்கு மாற்றப் பார்த்தால் ஆறு பிளக்இன் புதுப் பதிப்பில் ஓடவில்லை. வருகைப் பதிவு அதில் ஒன்றுக்குள் இருந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனது.

உங்கள் ஐடியில் இதைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ள ஒருவரும், அவர் லீவில் போனால் இன்னொருவரும் இல்லையென்றால், மாதக் கட்டணத்தில் வேறொருவர் பராமரிக்கிற எல்எம்எஸ்ஸே நல்லது. அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. சேரும்போதே வெளியேறும் வழியைக் கேளுங்கள்: யார், எந்தப் பாடம், எந்தத் தேதி, எத்தனை மதிப்பெண் என்ற முழுப் பதிவும் எக்செல்லில் வருமா, எத்தனை நாளில் வரும். ஸ்கார்ம் ஜிப்பை எங்கும் கொண்டு போகலாம். பதிவு அப்படித் தானாக நகராது.

4 ஆகஸ்ட்

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். குரல்.

முன்பு ஸ்டுடியோவில் பதிந்த குரல்தான் வைத்திருந்தோம். சுத்தமான உச்சரிப்பு, 'இயந்திரத்தின் இயக்கத்தை நிறுத்தவும்' என்று வரும். இப்போது கம்ப்யூட்டரே தமிழ் பேசுகிறது, அதையும் முயன்றோம். 'எம்8 போல்ட்' என்பதைப் படிக்கத் திணறியது.

பிறகு பிரஸ் ஷாப்பில் 27 வருடம் இருக்கிற மூத்த ஆபரேட்டரை, போனில் ஒரு காலர் மைக் மாட்டிப் பேசச் சொன்னோம். ஏசியை அணைத்து, மீட்டிங் ரூம் கதவில் துணியைத் தொங்கவிட்டுப் பதிந்தோம். எழுதிக் கொடுத்ததை வைத்துவிட்டு அவர் சொன்னது இது: 'மோட்டார் நின்னுடுச்சேன்னு கையை விட்டுடாதப்பா. பக்கவாட்டுல போய் வீலைப் பாரு. ஆரம் தனித்தனியாத் தெரியுதா? அப்பத்தான் நின்னுருக்கு.' சுற்றும்போது ஆரங்கள் கலங்கி ஒரே தட்டாகத் தெரியும், நின்றால்தான் தனித்தனியாகத் தெரியும். எந்த எஸ்ஓபியிலும் இந்த வரி இல்லை. இப்போது எங்கள் எஸ்ஓபியில் சேர்த்திருக்கிறோம்.

மென்பொருளுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. ஒவ்வொரு ஸ்லைடின் குரலும் தனித்தனிக் கோப்பாக இருக்கட்டும். ஒரு அடி மாறினால் அந்த ஒரு ஸ்லைடை மட்டும் அவரே மறுபடி பேசிக்கொடுப்பார். மொத்தப் பாடத்தையும் ஒரே வீடியோவாகச் செய்துவிட்டால் ஒரு சொல்லை மாற்றவும் எல்லாவற்றையும் வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும்.

11 ஆகஸ்ட்

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்கு என்ன செய்கிறோம் என்று கேள்வி. அதே ஸ்லைடுகள், குரல் மட்டும் ஒடியாவிலும் இந்தியிலும், அந்தந்த மொழி பேசும் ஆபரேட்டர்களே பேசியது. திரையில் எழுத்தைக் குறைத்தோம், நம் மெஷினின் புகைப்படத்தைப் பெரிதாக்கினோம். தமிழ் வாசிக்கத் தடுமாறும் நம் ஆட்களுக்கும் அதுவே உதவியது.

9 செப்டம்பர்

ஆடிட் முடிந்தது, சூட்டோடு எழுதுகிறேன்.

ஐஎஸ்ஓ 9001:2015-ல் 7.2 பிரிவு, ஆளுக்குத் திறன் இருக்கிறது என்பதற்கு ஆதாரப் பதிவு வைக்கச் சொல்கிறது. ஆடிட்டர் லைனில் ஒரு பெண்ணைக் காட்டி, 'இவங்க எஸ்ஓபியோட எந்த ரிவிஷன்ல பயிற்சி எடுத்தாங்க?' என்றார். நான் எல்எம்எஸ்ஸைத் திறந்தேன். பச்சை டிக், தேதி, 90 மதிப்பெண். ரிவிஷன் எங்கும் இல்லை. பழைய பாடத்தின் மேலேயே புதியதை ஏற்றியிருந்தோம். அவர் பார்த்தது பழையதா புதியதா என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை.

இப்போது பாடத்தின் பெயரிலேயே ரிவிஷன் எண் இருக்கிறது. புது ரிவிஷன் வந்தால் புதுப் பாடமாக ஏற்றுகிறோம், பழையதை மறைக்கிறோம், அழிப்பதில்லை. அந்த மெஷினில் நிற்பவர்களுக்கு மட்டும் மறுபடி ஒதுக்குகிறோம். டெமோவில் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

அந்தப் பச்சை டிக்கைப் பற்றி ஒன்று. பயிற்சியை அளக்க டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959-ல் நாலு படி சொன்னார்: பிடித்ததா, கற்றாரா, வேலையில் செய்கிறாரா, பலன் வந்ததா. எல்எம்எஸ் முதல் இரண்டைத்தான் காட்டும். மூன்றாவதைப் பார்க்க மெஷின் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். சூப்பர்வைசர் போனில் நிரப்புகிற சிறு சோதனைப் பட்டியல் ஒன்றை அதே எல்எம்எஸ்ஸில் அந்த ஆளின் பெயரோடு சேர்க்க முடிந்தால் அந்த மென்பொருளுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். ஃப்ளைவீல் நிற்கும் வரை காத்திருந்தாரா, சாவி யார் பாக்கெட்டில் இருந்தது, இந்த இரண்டும் எங்கள் பட்டியலில் முதல் வரிகள்.

10 செப்டம்பர்

பாலியல் துன்புறுத்தல் தடுப்புப் பயிற்சியையும் இதிலேயே போட்டுவிடலாமா என்று கேட்டவருக்கு: 2013 சட்டம் அவ்வப்போது பயிலரங்குகள் நடத்துவதை முதலாளியின் கடமையாக வைத்திருக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது, குழுவில் யார் யார், எப்படிப் புகார் கொடுப்பது என்பதற்குப் பாடம் வைத்திருக்கிறோம். ஆனால் நேரில் உட்கார்ந்து பேசியபோதுதான் பெண்கள் வாய் திறந்து கேட்டார்கள். அந்தக் கூட்டத்தை நிறுத்தாதீர்கள்.

13 அக்டோபர்

ஆயுத பூஜைக்கு மெஷின்களோடு, பாடம் பார்க்கக் கேண்டீனில் வைத்திருக்கிற டேப்லெட் இரண்டுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. சந்தனம் கேமரா மேல், அதனால் நேற்று முழுக்க லாகினுக்கு முகம் பதியவில்லை. துடைக்க மனமில்லாமல் ஒரு நாள் டோக்கன் நம்பரிலேயே ஓட்டினோம்.

அந்த டேப்லெட்டுகளைப் பற்றி முன்பே சொல்லியிருக்க வேண்டும். கேட்டுக்கு உள்ளே கேமரா போன் விடமாட்டார்கள் என்றால் 'மொபைலில் ஓடும்' என்ற விற்பனைப் பேச்சுக்கு உங்களிடம் மதிப்பில்லை. ஒரே டேப்லெட்டில் அடுத்தடுத்து பத்துப் பேர் உள்ளே வந்து வெளியே போவது சுலபமா என்று பாருங்கள். வெளியேற மறந்தால் அடுத்தவர் முந்தையவர் பெயரில் தேர்வு எழுதிவிடுவார். எங்களுக்கு நடந்திருக்கிறது. இப்போது மூன்று நிமிடம் தொடாமல் இருந்தால் தானாக வெளியேறும்படி வைத்திருக்கிறோம்.

23 நவம்பர்

கேள்வி கேட்டவர் முதல் பாடத்தை அனுப்பியிருந்தார். பவர்பாயிண்டில் அவர்கள் சூப்பர்வைசர் செய்தது, ஐஸ்பிரிங்கில் ஜிப் எடுத்தது, பராமரிக்கப்பட்ட மூடிலில் ஓடுகிறது. பம்ப் டெஸ்ட் பெட்டில் மின் இணைப்பு கொடுப்பது பற்றி 11 ஸ்லைடு. என் போனில் பார்த்தேன். 'தொடாதே' ஒழுங்காக இருக்கிறது. குரல் அவர்கள் எலக்ட்ரீஷியனுடையது, நல்ல கொங்குத் தமிழ், கேட்கவே இதமாக இருக்கிறது.

ஏழாவது ஸ்லைடில் மட்டும் ஒன்று. எர்த் இணைப்பைக் கடைசியில் கொடுப்பதாகப் படம் காட்டுகிறது, குரல் முதலில் கொடுக்கச் சொல்கிறது. குரல்தான் சரி. படத்தை மாற்றுங்கள், ரிவிஷன் 1 என்று பெயரில் சேர்த்துவிடுங்கள், திங்கட்கிழமை ஷிப்டுக்கு முன்னால் ஏற்றிவிடுங்கள். இன்று சனிதான், நேரம் இருக்கிறது.